செவ்வந்தியேந்தல் போகாத கூட்டம்

வீட்டுக் குடிநீர் இணைப்பை என் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்பதற்காகச் சென்ற வாரம் நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இணைப்பு என் மனைவி மரகதத்தின் பெயரில் இருந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்னவென்று ஊழியர் கேட்டார், சொன்னேன். அவர் ஒரு கணம் பேனாவை மூடித் திறந்துவிட்டு, அதிகாரி வரும்வரை வெளியே காத்திருக்கச் சொன்னார். அலுவலகத்தின் வாசலருகே ஒரு தள்ளுவண்டியில் நிலக்கடலை அவிந்துகொண்டிருந்தது. உப்பும் ஈரமண்ணும் ஆவியும் கலந்த அந்த மணம் வரிசையில் நின்றவர்கள்மீதெல்லாம் வேறுபாடின்றிப் படிந்தது.

அந்த மணம் உங்களுக்கு எதை நினைவூட்டும் என்று எனக்குத் தெரியாது. மழைக்கால மாலையாக இருக்கலாம்; அறந்தாங்கிப் பேருந்து நிலையமாகவும் இருக்கலாம். எனக்கு அது கிராமசபையின் மணம். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ எதையெல்லாம் நினைவூட்டுமோ அதையெல்லாம் எனக்கு அவித்த கடலை நினைவூட்டுகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், அவளும் சிரித்திருப்பாள்.

எங்கள் ஊர் செவ்வந்தியேந்தல். செம்மண்ணும் தைலமரமும் கடலை விளையும் மேட்டுநிலமுமான ஊர். தண்ணீர் இருக்கும் ஆண்டில் கண்மாய்க்குக் கீழே நெல்லும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது தனி ஊராட்சி. தலைவர் பதவி பெண்களுக்கென்று வந்தபோது மரகதம் நின்று வென்றாள். அதற்குமுன் பணிக்காலம் முழுவதும் சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். எந்த வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை, எந்த வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை என்பதற்காக யார் பேச்சு வாங்குகிறார்கள் என்பது வரை அறிந்தவள். நானோ கல்லூரியில் பொது நிர்வாகவியல் பேராசிரியர். உள்ளாட்சி பற்றி ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியவன். ஓர் உள்ளாட்சிக் கூட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்பித்தவர்கள் எங்கள் துறையில் என்னைத் தவிரவும் பலர் உண்டு.

பெண் வென்றால் கணவன் நாற்காலியில் உட்காருவது இந்தப் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். முதல் கிராமசபை அன்று கருப்பையா எனக்கொரு நாற்காலியை மேடையருகே இழுத்துப் போட்டார். அவர் ஊரின் மூத்தவர்களில் ஒருவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாயில் எல்லோரையும்விட மூத்தவர்.

“வாங்க புரொபசரே, தலைவரு பக்கத்துல ஒக்காருங்க. நாலு நல்லது சொல்லிக் கொடுங்க.”

“அவருக்கு அங்கிட்டு வேம்படியில எடம் இருக்கு மாமா” என்றாள் மரகதம், மைக்கிலேயே.

வேம்படியில் செருப்புகள் கிடந்தன. அலுவலகத்தின் முன்னே இருந்த சிமெண்டுத் தளத்தில் பாய் விரித்துச் சபை கூடும். செருப்பெல்லாம் வேம்பின் நிழலில் கழற்றிவிடப்படும். அந்த வெயிலில் காய்ந்த ரப்பர் வாடையின் நடுவே எனக்கு ஒரு ஸ்டூல். நூறு நாள் வேலையில் ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, கணவனை இழந்தவள், வாய்த்துடுக்குக்காரி, தன் செருப்பைக் கழற்றி என் காலருகே வைத்துவிட்டுச் சொன்னாள்: “டாக்டர் பட்டம் வாங்குனவரு நம்ம செருப்புக்குக் காவலு. நம்ம ஊரு முன்னேறிருச்சுடி.”

அன்று இரவு உணவின்போது மரகதம் இரண்டாவது ஆணையையும் பிறப்பித்தாள். சபையில் நான் கை தூக்கக் கூடாது.

“நீங்க கையத் தூக்கினா, ‘பாரு, அந்தம்மா வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிட்டு வந்திருக்கு’ம்பாங்க. எனக்கு என் கை ஒண்ணு போதுங்க.”

சட்டப்படி எனக்கு உரிமை இருப்பதை எடுத்துச் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றினாள். அவள் பதவியில் இருந்த காலம் முழுவதும் எந்தத் தீர்மானத்துக்கும் நான் கை தூக்கியதில்லை.

கடலை அவளுடைய ஏற்பாடு. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. முதலாண்டில் கிழக்குத் தெருக்காரர்கள் பாயில் உட்காராமல் தளத்துக்கு வெளியே மணலில்தான் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. இங்கே வந்து உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அநீதி பெரும்பாலும் இப்படித்தான், ஒருவரும் வாய் திறக்காமலே நடக்கும். மரகதம் உபதேசம் செய்யவில்லை. கடலையை அவித்து, தனித்தனியாகக் கொடுக்காமல், சில தாம்பாளங்களில் மட்டும் கொட்டிப் பாயின் நடுவே வைத்தாள். வேண்டுமென்றால் தாம்பாளத்தைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். இரண்டு தெருக் கைகளும் ஒரே தாம்பாளத்தில் விழுந்தன. முதலில் சிலர் கடலையே வேண்டாம் என்று விறைத்துக்கொண்டு இருந்தார்கள். கடலை வாசனைக்கு எதிராக எவ்வளவு நேரம்தான் சாதி தாக்குப்பிடிக்கும்? கூட்டம் முடிந்ததும் கிடக்கும் தோலைப் பார்த்தே அவள் கூட்டத்தை மதிப்பிடுவாள். தோல் நிறையக் கிடந்தால் சப்பென்ற கூட்டம். குறைவாகக் கிடந்தால் எல்லோரும் பேசியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஊராட்சிகளை நகராட்சியோடு இணைக்கப்போகிறார்கள் என்ற செய்தி முதலில் தேநீர்க் கடையில் வதந்தியாக வந்தது. பிறகு எங்கள் அலுவலகச் சுவரிலேயே அறிவிப்பாக ஒட்டப்பட்டது. நகரம் பெரிதாக வேண்டுமாம். பெரிதாவதற்கு அதற்கு நாங்கள் வேண்டும். இணைந்தால் வீட்டுவரி கூடும் என்பது ஆண்களின் கவலை. பெண்களின் கவலை வேறு. நூறு நாள் வேலை கிராமத்துக்கான திட்டம். ஊர் நகரமானால் வேலை இல்லை. வெளிநாட்டுக்குப் போன மகன்கள் பணம் அனுப்பும் வீடுகளுக்கு அது பெரிதில்லை. சின்னப்பொண்ணுவைப் போன்றவர்களுக்கு அதுதான் அடுப்பு.

“டவுனாயிட்டா நமக்கு என்னக்கா கெடைக்கும்?” என்று அவள் மரகதத்தைக் கேட்டாள்.

“தெனமும் குப்பை வண்டி வருமாம்.”

“குப்பைக்கு நான் எங்கக்கா போவேன்? சோறு மிஞ்சுனாத்தானே குப்பை.”

இணைப்பு வேண்டாம் என்று சிறப்புக் கிராமசபை கை தூக்கச் சொல்லாமலே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதற்கு விடையாக ஓர் அழைப்பு வந்தது: நகரத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கருத்துக்கேட்புக் கூட்டம்; செவ்வந்தியேந்தல் மக்கள் குறிப்பிட்ட நாளில் வந்து கருத்தைச் சொல்லலாம். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சபை மறுபடியும் கூடியது.

இந்த இடத்தில் நான் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிந்துகொண்டாலன்றி மேற்கொண்டு நடந்தது உங்களுக்கு வெறும் மடமையாகத் தோன்றும்.

எனக்குத் திருமணமான புதிது. அரிசி ஆலை வைத்திருந்த தில்லைநாயகம் என்பவர், கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலை உழுது தன் வயலோடு சேர்த்துக்கொண்டார். எவரும் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. அந்த ஆண்டு அவருடைய மகளுக்குக் காதுகுத்து. பந்தல், மேளம், கிடாவெட்டு, அண்டா அண்டாவாகச் சோறு. ஊரில் ஒருவரும் போகவில்லை. வாசலில் அவர் வெற்றிலைத் தட்டோடு நின்றதையும், தெருவில் போனவர்கள் தலையைக்கூடத் திருப்பாமல் நடந்ததையும் நான் பார்த்தேன். ஒரு வீட்டின் அழைப்புக்குப் போகாமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் உச்சமான கண்டனம். அதற்குமேல் ஒரு வசை கிடையாது. அப்படி யாரும் வராவிட்டால், அழைத்தவர் மறுநாள் வீடு வீடாக வந்து “என்ன கொறை?” என்று கேட்டாக வேண்டும். தில்லைநாயகமும் வந்தார். தோள்துண்டு இடுப்பில் இருந்தது. அடுத்த மழைக்குமுன் வரத்துக்கால் திறந்துவிட்டது.

புதுமணப்பெண்ணாக இருந்த மரகதத்துக்கு மட்டும் இது புரியவில்லை. அவள் ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரி. “அம்புட்டுச் சோத்தையும் வீணாக்குறதுக்கு, நேராப் போயி நறுக்குன்னு கேட்டுட்டு, சாப்பிட்டும் வந்திருக்கலாமேங்க?” என்றாள். எங்கள் ஊர்க் கண்ணியத்தைப் பற்றி நான் அவளுக்கு நீண்ட விளக்கம் அளித்தேன். கறிக்குழம்பின் மணம் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்ததால் என் விளக்கத்தில் போதிய உறுதி இருந்ததாக அவள் கருதவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போவது பற்றிய சபையில் கருப்பையா முதலில் எழுந்தார்.

“போகக் கூடாதுத்தா. அவங்க போட்ட சேர்ல போயி ஒக்காந்தாலே பாதி சம்மதம் குடுத்த மாதிரி. போகாம இருந்தாத்தான் ஒறைக்கும்.”

“மாமா, அவங்க நம்ம ஊருக்காரங்க இல்ல. வரலைன்னா, நல்லதாப் போச்சுன்னு போயிருவாங்க.”

“எப்புடிப் போவாங்க? ஒரு ஊரே வரலைன்னா, ஏன் வரலைன்னு கேக்க மாட்டாங்களா? மனுசங்கதானே அவங்களும்?”

“நான் போறேங்க்கா” என்று எழுந்தாள் சின்னப்பொண்ணு. “அவுக மூஞ்சிக்கு நேரா ரெண்டு கேள்வி கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.”

“ஒனக்குச் சோறு எறங்குறதுக்கு ஊரு மானத்த விக்கணுமாக்கும்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“மானத்த ஒலையில போட்டா வேகுமாய்யா?”

சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. மரகதம் கை தூக்கச் சொன்னாள். போகலாம் என்பதற்குச் சின்னப்பொண்ணுவோடு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்கினார்கள், மரகதமும் தூக்கினாள். போக வேண்டாம் என்பதற்கு மற்றவர்கள் அனைவரும் தூக்கினார்கள். கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் ஒரு பெரிய விஷயத்தில் சேர்ந்து கை தூக்கியது அன்றுதான் முதல்முறை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எதைப் பாராட்டுவது, எதற்கு வருந்துவது என்று தெரிவதில்லை. தாம்பாளங்களில் கடலை அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், தலைவர் என்ற முறையில் அவள் மட்டுமாவது போகலாம், அதைத் தடுக்க விதி ஏதும் இல்லை என்றேன்.

“சபை வேணாம்னுருச்சு. நான் மட்டும் போனா அப்புறம் சபை எதுக்குங்க? நீங்க கிளாஸ்ல என்னதான் சொல்லிக் குடுத்தீங்க இத்தன வருசமா?”

கூட்ட நாளன்று ஊரில் ஒருவரும் நகரத்துப் பக்கமே போகவில்லை. பால் ஊற்றப் போகிறவர்கூடப் போகவில்லை. காலையில் அலுவலகத்தின் முன்னே சாணி தெளித்துக் கூட்டினார்கள். பாய் விரித்தார்கள். வேம்படியில் என் ஸ்டூலை அகற்றிவிட்டு, ஊராட்சியின் ஒரே கைப்பிடி நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார் கருப்பையா. அதிகாரி வந்து கேட்பார் அல்லவா? அவர் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. அது எங்களுக்கு மரியாதை இல்லை. ஊர் முழுவதும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, அந்த நாற்காலியைச் சுற்றிக் காத்திருந்தது. கண்டனம் தெரிவிக்கும் ஊர் இவ்வளவு விருந்தோம்பலோடு காத்திருந்ததை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

நண்பகல் கடந்தது. ஒரு ஜீப் சத்தம் கேட்டபோது எல்லோரும் எழுந்தார்கள். அது தைலமரம் வெட்டுகிறவர்களின் வண்டி. பொழுது சாய்ந்தபின் செம்புத் தண்ணீரை வேம்பின் அடியில் ஊற்றிவிட்டு நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தார்கள். “நாளைக்கு வருவாங்க” என்றார் கருப்பையா. தில்லைநாயகமும் மறுநாள்தானே வந்தார்.

மறுநாளும் யாரும் வரவில்லை. சில வாரங்களுக்குப்பின் இணைப்பு ஆணை வந்தது. அதில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே, கருத்துக்கேட்பின்போது ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படவில்லை என்றிருந்தது. மரகதம் அதை நின்றபடியே வாசித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் வாசித்தாள்.

அதன்பின் நடந்தவை எல்லா ஊர்களிலும் நடப்பவைதாம். மறியல் நடந்தது, கைதாகி மாலையில் விடுதலையானோம். கறுப்புக்கொடி கட்டினோம், வெயிலில் அது வெளுத்தது. திங்கட்கிழமை தோறும் மரகதம் ஆட்சியர் அலுவலகத்து மனு வரிசையில் போய் நின்றாள். அவள் கேட்டது விசித்திரமான ஒன்று. ஒருமுறை அவளோடு போயிருந்தபோது அவள் சொன்னதை நானே காதால் கேட்டேன்.

“இணைச்சத விடுங்க சார். அது ஒங்க அதிகாரம். நாங்க மறுப்புச் சொல்லலைன்னு எழுதியிருக்கீங்கள்ல, அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிருங்க. எங்க ஊரு சம்மதிக்கல.”

வரியை அடிப்பதற்கு ஊராட்சியின் தீர்மானம் வேண்டும் என்றார்கள். தீர்மானத்தைக் கொண்டுபோனாள். ஊராட்சியே இப்போது இல்லை, இல்லாத ஊராட்சி தீர்மானம் போட முடியாது என்றார்கள். இவ்வளவு கச்சிதமான தர்க்கத்தை என் மாணவர்களில் ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும். நான் நல்ல ஆசிரியன் என்று பெயரெடுத்தவன்.

அவளைத் தேற்ற எண்ணி ஒருநாள் பக்கத்து ஊராட்சியைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் லாரிகளில் போய், மண்டபத்தை நிறைத்து, தொண்டை கட்டும்வரை பேசினார்கள். அவர்களுடைய ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டதாக எழுதி, அதே ஆணையில் அவர்களையும் இணைத்தார்கள். போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றேன்.

“முடிவு மாறாதுதாங்க” என்றாள். “அவங்க வேணாம்னு சொல்லித் தோத்தாங்க. நாம சரின்னு சொல்லி இணைஞ்சோமாம்.”

நோய் அவளுக்குள் இருப்பது மருத்துவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது, செவிலியர் அல்லவா. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கடைசி நாட்களில் ஒரு பிற்பகல் மட்டும், கண்ணைத் திறக்காமலே, “அந்த வரிய அடிச்சாங்களா?” என்று கேட்டாள். அடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வாழ்வில் ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லும் பழக்கம் இருந்ததில்லை. இல்லை என்றேன். சரி என்பதுபோல் என் விரலை அழுத்தினாள்.

அவளுடைய காரியத்துக்கு ஊரில் வராதவர் ஒருவரும் இல்லை. பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கழற்றிவிடப்பட்ட இடத்தில், முன்பின் பார்த்திராத ஒருவர் தயங்கி நின்றார். அன்று அந்த மண்டபத்தில் கருத்துக்கேட்பு நடத்திய அதிகாரி. இப்போது வேறு ஊருக்கு மாறுதலாகிவிட்டவர். மனு வரிசையில் நின்ற மரகதத்தைப் பிறகு அறிந்தவராம். நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன்.

“யாராச்சும் ஒருத்தர் வந்து வேணாம்னு சொல்லியிருந்தா எழுதியிருப்பேன் சார். சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். வெறும் நாற்காலிய நான் என்னன்னு எழுதுறது?”

“எங்கள் ஊரிலும் அன்று ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது” என்றேன். எவ்வளவு துயரத்திலும் எனக்கு எழுத்துத் தமிழ்தான் வாயில் வருகிறது. மரகதம் இருந்தால் கேலி செய்திருப்பாள்.

அவருக்குப் புரியவில்லை. சின்னப்பொண்ணு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். பந்தலுக்குள்ளிருந்து கருப்பையாவின் குரல் கேட்டது. முன்பிருந்த கனம் அதில் இல்லை.

“வந்துட்டாருல்ல? என்ன கொறைன்னு கேக்கச் சொல்லுங்க.”

அதிகாரி செம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

இப்போது ஊராட்சி அலுவலகத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தைக் கடந்தால் கண் எரிகிறது. தளத்தில் குப்பை வண்டி நிற்கிறது. தினமும் வருகிறது, சொன்ன சொல் தவறவில்லை. தாம்பாளங்கள் யார் வீட்டில் இருக்கின்றனவோ தெரியாது. சின்னப்பொண்ணு முகூர்த்த நாட்களில் நகரத்து மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள்; மற்ற நாட்களில் போவதற்கு இடமில்லை. கிழக்குத் தெரு ஒரு வார்டிலும் மேற்குத் தெரு இன்னொரு வார்டிலும் விழுந்துவிட்டன. ஆகவே இரண்டும் சேர்ந்து உட்கார இனிச் சட்டப்படியே காரணம் இல்லை. வார்டுகளுக்கும் சபை உண்டென்று சொல்கிறார்கள். கூடியதை நான் பார்க்கவில்லை. முன்பெல்லாம் கிராமசபை கூடும் காந்தி பிறந்த நாளன்று காலையில் பழக்கத்தில் வேம்படிவரை நடந்து போனேன். நிழல் இருந்தது. அதில் ஒரு செருப்பும் இல்லை.

நகராட்சி வாசலில் ஒரு பொட்டலம் கடலை வாங்கினேன். உரித்த தோலைக் கீழே போட மனம் வரவில்லை. இடக்கையில் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். தோல் நிறையச் சேர்ந்துவிட்டது. அவள் கணக்குப்படி இது சப்பென்ற கூட்டம்.

ஊழியர் வாசலுக்கு வந்து, வரிசையைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

“செவ்வந்தியேந்தல் மரகதம்... யாருங்க வந்திருக்கீங்க?”

நான் கையைத் தூக்கினேன்.